பங்கருக்குள் இருபது லிட்டர் பியர்

சர்க்கரை ஆலையில் இருபத்திரண்டு வருடம் கெமிஸ்டாக இருந்தால் ஒரு திமிர் வந்துவிடும். எந்தத் திரவத்தைப் பார்த்தாலும் இதில் எவ்வளவு சர்க்கரை என்று கேட்கத் தோன்றும். என் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, பிரிக்ஸ் பார்க்கும் கைக்கருவி இருக்கும். அதன் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், நூறு கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்று ஒரு கோடு காட்டும். ஒரு கல்யாண வீட்டில் குலாப் ஜாமூன் ஜீராவையே அளந்திருக்கிறேன். என் நாத்தனார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அந்தக் கருவியோடுதான் சுவிட்சர்லாந்துக்குப் போனேன். ஆலைக்குப் புதிதாக வாங்கிய பெரிய கருவி ஒன்றை இயக்கப் பழகச் சொல்லி ஐந்து நாள் வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். வகுப்பு சூரிச் பக்கத்தில். தங்கியது ரயிலில் முக்கால் மணி தள்ளி, ஷாஃப்ஹவுசனில், ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதியின் வீட்டில். ஐந்து நாளும் ரொட்டியும் சீஸும் என்னால் முடியாது என்று நான் அடம்பிடித்ததில், சக ஊழியர் ஒருவர் தெரிந்தவர் மூலம் பிடித்துக் கொடுத்த அறை அது.

ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்தேன். தவராசா அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடத்துக்கு முன் அகதியாக வந்தவர். உணவகங்களில் தட்டுக் கழுவி, வெங்காயம் உரித்து, இப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. மனைவி மலர் அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். எங்கள் ஊரில் புட்டை ஆப்பக்கடைக்காரர் விற்றுப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு முழு இரவுச் சாப்பாடாக மரியாதையோடு அது வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நீங்கள் சீனி ஆலையில வேலை எண்டு சொன்னவை. உண்மையோ?" என்று கேட்டார் அண்ணை.

"ஆமாங்க. லேப்ல."

"அப்ப நாளைக்கு ஒரு சாமான் காட்டிறன். அளந்து சொல்லவேணும்."

மலர் அக்கா என் தட்டில் இன்னொரு அகப்பை சொதியை ஊற்றினார். "தொடங்கிட்டார். தங்கச்சி, நீங்கள் சாப்பிடுங்கோ."

திங்கள்கிழமை வகுப்பு முடிந்து வந்ததும் என்னைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். நான்கு மாடிக் கட்டடம். ஆறு குடும்பங்கள். கீழே பொதுவான சலவை அறை, அதை ஒட்டித் துணி உலர்த்தும் அறை. அதையும் தாண்டி ஒரு கதவு. கதவா அது? ஒரு முழம் கனத்துக்குக் கான்கிரீட். யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிய அறை என்றார். இந்த நாட்டில் நிறையக் கட்டடங்களில் உண்டாம். யுத்தம் வராததால் பனிச்சறுக்குக் கட்டைகளும் ஜாம் போத்தல்களும் ஒளிந்திருந்தன.

"ஊரில ஷெல்லுக்குப் பயந்து பனைமரக் குத்தி அடுக்கி பங்கர் வெட்டி இருந்தனாங்கள். ஒண்டுக்கும் ரெண்டுக்கும் வெளியில போக ஏலாது. இஞ்ச பாருங்கோ, பங்கருக்குள்ள பியர்" என்று சிரித்தார் அண்ணை. நானும் சிரித்தேன். பிறகுதான் சிரித்திருக்க வேண்டாமோ என்று பட்டது.

மூலையில் இருபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. இரண்டு வாரமாக நொதித்து அடங்கியிருந்தது. அவரே முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, சாறு எடுத்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் காய்ச்சி, ஈஸ்ட் சேர்த்தது. முந்தைய தடவை கட்டடத்துக்காரர்கள் குடித்துவிட்டு "சுவாரசியமாக இருக்கிறது" என்று சொல்லி, முக்கால் கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போனார்களாம். இந்த ஊரில் அதற்கு மேல் ஒரு திட்டு கிடையாது. கசப்புக் கூடிவிட்டது என்று நினைத்து, இந்தத் தடவை ஊரிலிருந்து வந்த பனங்கட்டி, நம் கருப்பட்டிதான், ஒரு கிலோ போட்டிருந்தார். தொட்டியைத் திறந்தால் பனங்கட்டி வாசம் தூக்கியது. இப்போது இனிப்புக் கூடிப்போயிற்றோ என்று பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டாம் மாடியில் ஃப்ராவ் ஹூபர் (ஃப்ராவ் என்றால் திருமதி) என்று தனியாக வசிக்கும் ஓர் அம்மையார். அண்ணை பியர் காய்ச்சும் வாசம் தன் படுக்கை விரிப்புகளில் ஏறுகிறது என்று கட்டடப் பொறுப்பாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். சலவை அறையில் இனி பியர் காய்ச்சக் கூடாது என்பது அவர் கோரிக்கை. பொறுப்பாளர் நிதானமான மனிதர். வெள்ளிக்கிழமை முற்றத்தில் வழக்கமான கோடைக்கால விருந்து, அங்கே தவராசா தன் பியரைக் கொண்டுவரட்டும், எல்லாரும் குடித்துப் பார்ப்போம், ஃப்ராவ் ஹூபர் புகாரைத் திரும்பப் பெறாவிட்டால் ஆறு வீடும் கை தூக்கி முடிவு செய்யலாம் என்று சொல்லியிருந்தார்.

"கை தூக்கினால் நான் துலைஞ்சன். வேற இடமில்லை. வீட்டுக்குள்ள காய்ச்ச மலர் விடமாட்டா" என்றார் அண்ணை. பிறகு தொட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "முப்பது வருசமா மற்றவைக்குத்தான் சமைக்கிறன், அவையின்ர சாப்பாட்டை, அவையின்ர அளவில. இது ஒண்டுதான் என்ர அளவு."

அப்படிச் சொன்ன மனிதருக்கு நான் உதவாமல் இருக்க முடியுமா? கருவியை எடுத்தேன். இரண்டு சொட்டு. ஆறரை பிரிக்ஸ். தொடங்கும்போது எவ்வளவு என்று கேட்டேன். பதிமூன்று என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அப்போ சரிபாதி சர்க்கரை இன்னும் அப்படியே இருக்கு. ரொம்ப இனிப்பு. கசப்பு ஏத்தணும்" என்றேன். டாக்டர் சொல்வதுபோல் சொன்னேன். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கவில்லை. நான் மது தொட்டதில்லை. கருவி இருக்கும்போது நாக்கு எதற்கு என்றும் ஓர் எண்ணம்.

செவ்வாய் இரவு உணவின்போது மலர் அக்கா, "நான் நக்கிப் பாத்தனான். அது இனிக்கேல்லை" என்றார். அண்ணை கேட்கவில்லை. "இவ இந்தியாவில படிச்ச கெமிஸ்ட்" என்று என்னைக் காட்டினார். நானும் தலையை ஆட்டிவைத்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அண்ணையின் திட்டம் இது. முப்பது கிராம் ஹாப்ஸை இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் காய்ச்சி, ஆறவைத்துத் தொட்டியில் கலப்பது. ஆனால் நினைத்த நாளில் காய்ச்ச முடியாது. சலவை அறைக்கு அட்டவணை உண்டு. ஆறு வீட்டுக்கு ஆறு நாள், ஞாயிறு யாருக்கும் கிடையாது. செவ்வாய் ஃப்ராவ் ஹூபருடையது, புதன் அண்ணையுடையது. அவரவர் நாள் இரவு ஒன்பது மணிக்குள் துணிகளை உலர்த்தும் அறையிலிருந்தும் எடுத்துவிட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. எங்கள் ஊரில் தண்ணீர் லாரி வரும் நாளுக்குக்கூட இவ்வளவு கட்டுப்பாட்டைப் பார்த்ததில்லை.

புதன்கிழமை மதியம், வகுப்பு நடந்த கருவித் தொழிற்சாலையின் உணவகத்தில் உருளைக்கிழங்குத் துருவலைத் தோசைபோல வார்த்து, அதன்மேல் சீஸை உருக்கி ஊற்றிக் கொடுத்தார்கள். கல் மாதிரி வயிற்றில் இறங்கியது. தூக்கம் சொக்கும் அந்த நேரத்தில் பாடம் நடத்திய இளம்பெண் சாதாரணமாக ஒரு வாக்கியம் சொன்னார். நொதித்த திரவத்தை மட்டும் இந்த முறையில் நேரடியாக அளக்காதீர்கள், ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும், இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும் என்றார்.

தூக்கம் போய்விட்டது. என் கைக்கருவியும் ஒளி வளைவதை வைத்துத்தான் சர்க்கரையைச் சொல்கிறது. இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் ஆலைக்கு அடுத்த காம்பவுண்டிலேயே கழிவுப்பாகிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலை இருக்கிறது. அங்கே வேறு கருவி, வேறு கணக்கு. அது அவர்கள் லேப், நம் வேலை சாறும் பாகும்தான் என்று இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டேன். கணக்கைத் திருத்திப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பியரில் சர்க்கரை ஏறக்குறைய இல்லை. பனங்கட்டியின் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்து, வாசத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. பார்லியிலிருந்து வரும், ஈஸ்ட்டால் கடிக்க முடியாத சர்க்கரைதான் பியரில் இனிப்பாக நிற்கும். அதைச் சேர்க்காமல் பனங்கட்டி போடப் போட, பியர் வறண்டுதான் போகும். மலர் அக்காவின் நாக்கு சரி, நான்தான் தப்பு.

அண்ணையைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கிடைத்த முதல் ரயிலில் ஏறி மறுபடி மறுபடி கூப்பிட்டேன். ஒரு முழக் கான்கிரீட்டுக்குள் எந்த சிக்னல் போகும்? மலர் அக்காவின் போன் வேலையிடத்துப் பெட்டிக்குள் இருந்தது. போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் ஷாஃப்ஹவுசன் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. எதிரே இருந்த முதிய தம்பதியில் அந்த அம்மா கணவரிடம் ஏதோ சொல்ல, அவர் என்னிடம் ஆங்கிலத்தில், "நீங்கள் ஜெர்மனிக்கா போகிறீர்கள்?" என்று கேட்டார். என்னுடைய சுவிஸ் சிம்மும் அதற்குள் செத்துவிட்டிருந்தது. இறங்கிய ஊர் ஜெர்மனியில் ஜிங்கன். வாழ்க்கையில் ஒரு முறைதான் ஜெர்மனி போயிருக்கிறேன், அதுவும் நடைமேடையில் ஐம்பது நிமிடம், பிரெட்சல் என்கிற உப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டு என்னையே திட்டியபடி.

கட்டடத்துக்குள் ஓடும்போதே கசப்பு வாசம் படிக்கட்டு வரை வந்திருந்தது. உலர்த்தும் அறையில் வெள்ளை விரிப்புகள் தொங்கின. அண்ணை பங்கருக்குள் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கலந்தாயிற்று. இரண்டு சின்ன எஃகுக் கலன்களில் பாதிப் பாதியாக நிரப்பி, கேஸ் ஏற்றி, பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வைத்தாயிற்று.

நடந்ததைச் சொன்னேன். அவர் கரண்டியைத் துடைத்தார். ஒரு கிளாஸில் கொஞ்சம் பிடித்துக் குடித்தார். முகம் சுருங்கியது.

"கடும் கைப்பு" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை பரிகாரத்தோடு வந்தேன். பனங்கட்டியைப் பாகாக்கி, குடிப்பதற்குச் சற்று முன் குளிர்ந்த பியரில் கலந்தால், ஈஸ்ட் குளிரில் தூங்கும்; இனிப்பு ஒரு நாளாவது தங்கும். எவ்வளவு என்பதற்குக் கருவி உதவாது. நாக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தப்பு என்னுடையது என்பதால் நாக்கும் என்னுடையதாக இருப்பதுதான் நியாயம். நாற்பத்தேழு வயதில், அணுகுண்டுக்குத் தப்பக் கட்டிய அறையில், ஜாம் போத்தல்களுக்கு நடுவே முதல் மிடறு பியர் குடித்தேன்.

முதல் கிளாஸில் பாகு இல்லை. நிலவேம்புக் கஷாயம் நினைவுக்கு வந்தது. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. லிட்டருக்கு ஐந்து கிராம் கணக்கில் கலந்தோம், மாற்றமே தெரியவில்லை. இருபதில் முதலில் மிட்டாய், பிறகு மருந்து என்று தனித்தனியாக வந்தன. பன்னிரண்டில் அண்ணையும் நானும் ஒன்றாகத் தலையை நிமிர்த்தினோம். இனிப்பு வந்து, கசப்பு மெல்லப் பின்னால் வந்து, வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனது.

எனக்கு அது ஆச்சரியம்தான். பாகு சேர்த்ததால் கசப்பு ஒரு துளியும் குறையவில்லை. வேறு கருவியால் அளந்தால் அதே அளவு காட்டும். அது வரும் நேரம்தான் மாறியிருந்தது. ஆலையில் இத்தனை வருடம் இனிப்பை மட்டும் தனியாக அளந்தவளுக்கு, இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால்தான் அதன் அளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மேலே வந்து உற்சாகமாகச் சொன்னோம். மலர் அக்கா இடியப்பம் பிழிவதை நிறுத்தவில்லை.

"எத்தினை நாளைக்கு அந்த இனிப்பு நிக்கும்?"

"குளிர்ல வச்சா ரெண்டு மூணு நாள், அக்கா" என்றேன்.

"அப்ப ஏன் போடுறியள்? இந்த மனுசன் முப்பது வருசமா எல்லாத்துக்கும் சீனி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்." இடியப்ப உரலை மேசையில் வைத்தார். "தங்கச்சி, உங்களுக்கு ஒண்டு தெரியுமோ? அந்த மனுசியின்ர விரிப்பு செவ்வாய் ராவே எடுபட வேணும். சட்டம். ஒரு நாளும் எடுக்கிறேல்லை. எங்கட புதன்கிழமை முழுக்க அங்கதான் தொங்கும். எங்கட நாளில தொங்கவிட்டுட்டு எங்கட வாசம் ஏறுதெண்டு எழுதிக் குடுத்திருக்கிறா. இவருக்கு அதைச் சொல்ல வாய் வரேல்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் குடுக்கிறார்!"

நேற்று நான் பார்த்த வெள்ளை விரிப்புகள் கண்ணில் ஆடின.

"அயலோட என்னத்துக்குச் சண்டை?" என்றார் அண்ணை மெதுவாக.

"சண்டை பிடிக்கச் சொல்லேல்லை. சொல்லச் சொல்லுறன்."

கடைசியில் அண்ணை, ஒரு கலனில் பாகு கலப்பது, மற்றதை அப்படியே விடுவது என்று முடிவெடுத்தார். மனைவி சொல்லுக்குப் பாதி, என் சொல்லுக்குப் பாதி என்று நான் எடுத்துக்கொண்டேன். ஷாஃப்ஹவுசனுக்கு வந்துவிட்டு இரண்டு மைல் தள்ளியிருக்கும் ரைன் அருவியை எப்போது பார்ப்பாய் என்று அன்றைக்கு என் கணவர் போனில் கேட்டார். பியர் வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று மூன்று தடவை கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கும் முற்றத்தில் நல்ல வெயில். நீள மேசை, உருளைக்கிழங்கு சாலட், மலர் அக்காவின் கடலை வடை. அண்ணை கரியடுப்பில் சாசேஜ் புரட்டியபடியே, ஓடி ஓடிப் பியரும் ஊற்றினார். இரண்டு கலனையும் காட்டி ஏதோ சொன்னார். மலர் அக்கா என் காதில் மொழிபெயர்த்தார். "ஒண்டு பிழையாப்போனது, மற்றது திருத்தினது எண்டு சொல்லுறார்."

நான் எழுந்தேன். பிழை என்னுடையது, நான்தான் தவறாக அளந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஏழெட்டு முகங்கள் என் பக்கம் திரும்பின. அண்ணை சாசேஜ் புரட்டும் இடுக்கியை ஆட்டினார். "இருங்கோ தங்கச்சி. ஊத்தினது நான்."

இரண்டையும் குடித்தார்கள். பொறுப்பாளருக்குத் திருத்தியது பிடித்தது. முதல் மாடிக்காரர் பிழையாய்ப் போனதுதான் பியர், மற்றது சிறுபிள்ளைகளுக்கு என்றார். வாக்குவாதம் வந்தது. யாரும் "சுவாரசியம்" என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். ஆனால் ஃப்ராவ் ஹூபர் இரண்டு கிளாஸையும் ஒவ்வொரு மிடறு குடித்து, வரிசையாக வைத்துவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டார். மெலிந்த, நேரான உடம்பு. அவர் பேசத் தொடங்கியதும் மலர் அக்காவின் விரல் என் மணிக்கட்டைப் பிடித்தது.

"பியரைப் பற்றி எனக்குப் புகாரில்லை. புதன்கிழமையும் வாசம் வந்தது. காய்ச்ச வேண்டாம் என்று நான் எழுதியிருந்தேன். என் விரிப்புகளை மறுபடியும் துவைக்க வேண்டியிருந்தது."

அண்ணை அடுப்படியிலிருந்து வந்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் மன்னிப்புக் கேட்பார், தெரியும். அந்த இரண்டு லிட்டர் கசப்பைக் காய்ச்ச வைத்தது நான்தானே.

"ஓம், காய்ச்சினேன்" என்றார். மலர் அக்கா என் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். "புதன்கிழமை என்னுடைய நாள். உங்கள் விரிப்புகள் செவ்வாய் ஒன்பது மணிக்கு எடுபட வேண்டியவை. நாங்கள் இங்கே வந்த ஒன்பது வருடமாக அவை புதன்கிழமையும் தொங்குகின்றன. எங்கள் துணியை நாங்கள் வீட்டுக்குள் நாற்காலிகளில் காயப்போடுகிறோம்."

குரலை உயர்த்தவில்லை. மாவு அளப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "விதி அப்படித்தான்" என்றார். இந்த நாட்டில் அது சின்ன வார்த்தை இல்லை.

ஃப்ராவ் ஹூபரின் கழுத்து சிவந்துவிட்டது. "நீங்கள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே" என்றார். அதில் கோபம் இல்லை என்று மலர் அக்கா பிறகு சொன்னார், உண்மையாகவே கேட்டாராம்.

"சொன்னதில்லை" என்றார் அண்ணை.

அம்மையார் கிளாஸைப் பார்த்தார். ஒரு சாசேஜ் துண்டைக் கத்தியால் நறுக்கினார், தின்னவில்லை. பிறகு, "செவ்வாய் மாலையே எடுத்துவிடுகிறேன். புகாரை மறந்துவிடுங்கள்" என்று பொறுப்பாளரிடம் சொன்னார். அண்ணையின் பக்கம் திரும்பி, "உட்காருங்கள், ஹெர் தவராசா. நீங்கள் நிற்பது எனக்குத் தொந்தரவாக இருக்கிறது" என்றார்.

அண்ணை இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். யாரோ அவர் முன்னால் ஒரு கிளாஸைத் தள்ளினார்கள். எந்தக் கலனிலிருந்து ஊற்றியது என்று பார்க்காமலே அவர் குடித்தார்.

"ஒம்பது வருசமா இந்த முத்தத்தில இறைச்சி சுட்டுக்கொண்டு நிண்டவர். இண்டைக்குத்தான் இருக்கிறார்" என்றார் மலர் அக்கா, என் மணிக்கட்டை விடாமல்.

அடுப்பில் சாசேஜ் கருகும் வாசம் வந்தது. அண்ணை எழப் போனார். பொறுப்பாளர் அவர் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டு, தானே போய்த் திருப்பிப் போட்டார்.